எண்ணூறாம் குழுவில் மூன்று பேர்

பிரிஸ்கில்லாவுக்குச் சிறுவயதிலிருந்தே பயம் அதிகம். பட்டாசுக்குப் பயம், பரீட்சைக்குப் பயம், மொட்டைமாடியின் ஓரத்துக்குப் போகப் பயம். நெல்லித்தோப்பு மாதா கோயில் திருவிழாவில் தேர் திரும்பும்போது கூட்டம் நெருக்கினால் கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். கல்லூரிக்குப் போன பிறகும் அப்படித்தான். "இது எப்படித்தான் பொழைக்கப் போவுதோ" என்று அம்மா லூர்துசெல்வி அவளை வைத்துக்கொண்டே அக்கம்பக்கத்தில் சொல்லுவாள்.

லாஸ்பேட்டையில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்ததும், மிஷன் வீதிக்குப் பக்கத்தில் சூசைநாதன் வைத்திருந்த வாக்கி டாக்கி கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஓட்டல்கள், செக்யூரிட்டிக் கம்பெனிகள், தொழிற்சாலைகள் எல்லாம் அவரிடம்தான் செட் வாங்குவார்கள். வாங்கிய செட்டைக் கம்ப்யூட்டரோடு ஒரு வயரால் இணைத்து, அது யார் யாரோடு பேச வேண்டும் என்பதை எண்களாக அதற்குள் ஏற்ற வேண்டும். கடைக்குள் உட்கார்ந்தபடி செய்கிற வேலை. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அவளுக்கு அது பிடித்துப்போனது.

நகரத்துக்கு மேற்கே இருந்த தொழிற்பேட்டையில் வாக்கி டாக்கிகளுக்கென்று ஒரு பெரிய டவர் வந்தபோது வேலை கடினமாயிற்று. பேட்டையிலுள்ள எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் அந்த ஒரே டவர். அதில் இருந்தது ஐந்தே சேனல். பேச நினைக்கிறவன் பட்டனை அழுத்தினால், எந்தச் சேனல் காலியாக இருக்கிறதோ அதை டவரிலுள்ள கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும். யார் காதில் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது குரூப் நம்பர். ஒரே நம்பர் போட்ட செட்டுகளுக்குத்தான் ஒன்று பேசினால் மற்றதற்குக் கேட்கும். பக்கத்தில் நிற்பவன் செட்டில் வேறு நம்பர் இருந்தால் அவன் செட் வாயே திறக்காது.

அந்த நம்பரை எழுதுவதில்தான் சிக்கல். பழைய மாடல் செட்டுகளின் புரோகிராமில் நாம் சாதாரணமாக எண்ணுகிற பத்து எண் முறையில் போட வேண்டும். புதிய மாடலில் அதே குரூப்பைப் பதினாறு எண் முறையில் போட வேண்டும். அதில் ஒன்பதுக்குப் பிறகு ஏ, பி, சி என்று எழுத்து வரும். இந்தக் குழப்பம் தலைக்குள் இறங்காமல் பிரிஸ்கில்லா பல வாரம் தவித்தாள். கேட்டால் முட்டாள் என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்கவும் பயம். கடைசியில் சூசைநாதன் தானாகவே ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தெருவுல வீட்டுக்குப் பழைய நம்பர், புது நம்பர்னு ரெண்டு இருக்குல்ல? வீடு ஒண்ணுதான். ஆனா வெறும் பன்னெண்டாம் நம்பர்னு எழுதிட்டு, அது பழசா புதுசான்னு சொல்லலன்னா தபால்காரர் வேற வீட்டுல கொண்டுபோய்ப் போட்டுடுவாரு. அவ்வளவுதாம்மா விஷயம்."

அன்றைக்குப் புரிந்தது. புரிந்த பிறகும், ஒவ்வொரு முறை நம்பர் அடிக்கும்போதும் அவளுக்குப் பயம் போகவில்லை.

2006 ஜூன் மாதம். பேட்டையில் இறாலும் கோழியும் உறையவைத்து ஏற்றுமதி செய்கிற தொழிற்சாலை ஒன்று மூன்று புதிய செட் கேட்டிருந்தது. குளிரூட்ட அங்கே குழாய்களில் அம்மோனியா ஓடியது, மூச்சில் ஏறினால் ஆளைக் கொல்லும் வாயு. தொழிற்சாலையின் கிழக்கில் பெரிய கேட், நடுவில் கம்ப்ரசர் கட்டடம், மேற்குக் கோடியில் தண்ணீரைக் குளிர்விக்கிற கூலிங் டவர். கூலிங் டவரில் பழுது பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேருக்குத்தான் அந்தச் செட்டுகள். தீப்பொறி ஆபத்து என்று உள்ளே செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.

காலையிலேயே பிரிஸ்கில்லா லேப்டாப்பையும் வயரையும் எடுத்துக்கொண்டு கம்பெனி வேனில் போனாள். கேட்டை ஒட்டிய கன்ட்ரோல் ரூமில் ஒரு மேசை ஒதுக்கினார்கள். அங்கே எல்லாப் பிரிவுகளோடும் பேசுகிற பேஸ் செட்டைப் பார்த்துக்கொள்கிற ஹேமலதா, வந்த லாரிகளுக்கு அனுமதி கொடுப்பதில் தலைநிமிராமல் இருந்தாள்.

"எல்லாருக்கும் பொதுவான குரூப் முந்நூத்தி இருபது. அத மட்டும் போட்டுக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி லாரிக்காரனிடம் திரும்பிவிட்டாள்.

மூன்று பேரும் வாசலில் வந்து நின்றார்கள். மூத்த ஃபிட்டர் கன்னியப்பன், தலையில் துண்டு கட்டியிருந்தார். அவரோடு வேலை செய்கிற மரிய அருண். பம்ப்புக் குழியைப் பார்த்துக்கொள்கிற ராஜாங்கம்.

"சீக்கிரம் குடும்மா. வெயில் ஏறுனா மேல நிக்க முடியாது" என்றார் கன்னியப்பன்.

மூன்று ஆண்கள் தலைக்கு மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது பிரிஸ்கில்லாவுக்குப் படபடப்பாக இருந்தது. திரையில் குரூப் நம்பருக்கான பெட்டியில் 320 என்று அடித்தாள். கம்ப்யூட்டர் மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. மூன்று செட்டிலும் ஏற்றினாள். மூவரையும் மூன்று மூலைக்கு அனுப்பிப் பேசிப் பார்க்கச் சொன்னாள்.

"அருண், கேக்குதா?"

"நல்லா கேக்குதுண்ணே."

"எனக்கும் கேக்குது" என்றார் ராஜாங்கம்.

சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டாள். பேஸ் செட்டோடும் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஹேமலதா இருந்த பரபரப்பில் தொந்தரவு செய்யக் கூச்சமாக இருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

கடல்காற்று திரும்பியிருந்த முன்பகல் நேரம். வேன் வருவதற்காக அவள் காத்துக்கொண்டிருந்தபோது கம்ப்ரசர் கட்டடத்தின் பக்கம் பட்டென்று ஒரு சத்தம். பிறகு குக்கர் ஆவி விடுவதுபோல, ஆனால் நிற்காமல், சீறல். யாரோ ஓடினார்கள். சைரன் அலறியது. மூக்கில் சுருக்கென்று ஊசி குத்தியது போல் ஒரு நெடி.

பிரிஸ்கில்லா துள்ளி எழுந்தாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் வழியே பார்த்தால், கம்ப்ரசர் கட்டடத்தைச் சுற்றி வெள்ளையாகப் புகை தரையோடு தரையாகத் தவழ்ந்து மேற்கே போய்க்கொண்டிருந்தது.

பாதுகாப்பு அதிகாரி ஜானகிராமன் மூச்சிரைக்க உள்ளே வந்தார். "காத்து கிழக்கேர்ந்து அடிக்குது. நமக்கு ஒண்ணும் ஆகாது. மேக்கால இருக்கறவங்களத்தான் திருப்பணும். ஹேமலதா, எல்லாருக்கும் சொல்லு, யாரும் கம்ப்ரசர் வழியா வரக்கூடாது. மேக்கால இருக்கறவங்க வடக்குச் சுவத்துச் சின்ன கேட் வழியா வெளிய போவணும்."

ஹேமலதா பேஸ் செட்டில் அதை இரண்டு முறை சொன்னாள். ஒவ்வொரு பிரிவாகப் பதில் வந்தது. பேக்கிங், சரி. குளிர் அறை, சரி. பாய்லர், சரி.

"கூலிங் டவர்?"

பதில் இல்லை.

"கூலிங் டவர், கூலிங் டவர், கன்னியப்பண்ணே, பேசுங்க."

வெளியே சீறல் சத்தம் மட்டும் கேட்டது. ஹேமலதாவின் முகம் வெளுத்தது. "சார், மயங்கி விழுந்துட்டாங்களோ?"

அந்தக் கணத்தில் பிரிஸ்கில்லாவுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் மயங்கவில்லை. அவர்கள் காதில் இது விழவே இல்லை. காலையில் கொடுத்தவை புதிய மாடல். அந்தப் பெட்டியில் பதினாறு எண் முறையில்தான் போட வேண்டும். ஹேமலதா சொன்ன முந்நூற்று இருபது, பத்து எண் முறை. அதே 320 பதினாறு எண் முறையில் வேறொரு குரூப். ஏ, பி என்று ஓர் எழுத்து இருந்திருந்தால் எந்த முறை என்று அப்போதே யோசித்திருப்பாள். வெறும் எண்ணாக இருந்ததால் கம்ப்யூட்டரும் சும்மா இருந்தது, அவளும் சும்மா இருந்தாள். மூன்றிலும் ஒரே தப்பு. அதனால்தான் மூவரும் தங்களுக்குள் நன்றாகப் பேசிக்கொண்டார்கள். யாருமே இல்லாத ஒரு குரூப்பில் அவர்கள் மூன்று பேர் மட்டும் இருந்தார்கள்.

சைரன் அவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்டால் என்ன செய்வார்கள்? பழகிய வழியாகவே பெரிய கேட்டுக்கு வருவார்கள். அந்த வழி கம்ப்ரசர் கட்டடத்தை ஒட்டித்தான் வருகிறது.

சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகும், போலீஸ் வரும், ஜெயிலில் போடுவார்கள் என்று என்னென்னவோ ஓடிற்று. சொல்லாமல் இருந்தால் மூன்று பேர் செத்துவிடுவார்கள்.

"சார்" என்றாள். குரல் வெளியே வரவில்லை. மறுபடியும், "சார்! அவங்களுக்குக் கேக்காது சார். நான் நம்பரத் தப்பாப் போட்டுட்டேன்."

ஜானகிராமன் திரும்பிப் பார்த்தார். "என்னாது?"

"புது செட்டுல நம்பர் போடற விதமே வேற. நான் பாக்காம போட்டுட்டேன். நீங்க பேசறது அவங்களுக்குப் போவாது."

அவர் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடிய இரண்டு பேரும் ஏற்கனவே வால்வை மூடப் போயிருந்தார்கள். வாசலில் நின்ற காவலாளி செல்வகுமாரைக் கூப்பிட்டு, "வெளிச் சுவர சுத்திப் போய் வடக்கு கேட்டத் தொறந்து வையி" என்றார். செல்வகுமார் தன் செட்டை மேசையில் போட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு பைக்கில் பறந்தான்.

"அவங்கள எப்படியாவது கூப்புட முடியுமா?" என்று ஜானகிராமன் பிரிஸ்கில்லாவிடம் கேட்டார்.

அவள் மேசையில் கிடந்த செட்டைப் பார்த்தாள். தப்பான குரூப்பில் அவர்கள் இருக்கிறார்கள் என்றால், அதே தப்பான குரூப்புக்குள் தானும் போக வேண்டும். வேறு வழியில்லை. வயரை எடுத்துச் செட்டில் சொருகினாள். அவசரத்தில் இரண்டு முறை நழுவியது. ஹேமலதா வந்து செட்டை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

திரையில் நம்பர் பெட்டி திறந்ததும் பழக்கத்தில் விரல் மூன்றின்மீது போயிற்று. அப்படியே நின்றாள். இது பழைய மாடல். இதில் 320 என்று அடித்தால் அது சரியான பொதுக் குரூப்புக்குப் போய்விடும். அந்த மூவருக்கும் கேட்காது. பதினாறு எண் முறையில் அவள் போட்ட 320, பத்து எண் முறையில் எவ்வளவு என்று கண்டுபிடித்து அதைப் போட வேண்டும்.

தலைக்குள் ஒன்றுமே இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. வெளியே யாரோ, "மேக்கால போவுது, மேக்கால போவுது" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

மேசையில் கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் எழுதினாள். முதல் இடத்து மூன்றுக்கு, பதினாறைப் பதினாறால் பெருக்கி வருகிற இருநூற்று ஐம்பத்தாறு மூன்று தடவை. எழுநூற்று அறுபத்தெட்டு. அடுத்த இடத்து இரண்டுக்கு இரண்டு பதினாறு, முப்பத்திரண்டு. கடைசி பூஜ்யம். மொத்தம் எண்ணூறு. சரியா? எழுநூற்று அறுபத்தெட்டுதானா? ஒருமுறை தப்பாகப் போட்டாயிற்று. இரண்டாம் முறையும் தப்பானால் மூன்றாவது முறை கிடையாது. "சீக்கிரம்மா" என்று ஜானகிராமன் கெஞ்சினார். அவள் கண்ணில் நீர் முட்ட மறுபடி ஒருமுறை கூட்டினாள். எண்ணூறுதான்.

அடித்தாள். திரையில் நீலக்கோடு நத்தையைப் போல ஊர்ந்தது. ஊர்ந்து முடிந்ததும் செட் ஒருமுறை கீச்சென்றது. வயரைப் பிடுங்கிவிட்டுப் பட்டனை அழுத்தினாள்.

பூம், பூம் என்று மறுப்புச் சத்தம். ஐந்து சேனலும் ஆட்களால் நிறைந்திருந்தது. பேட்டை முழுக்க எல்லாத் தொழிற்சாலையும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தது.

"என்னா ஆச்சு?" என்றாள் ஹேமலதா.

"எடம் இல்ல. காத்திருக்கணும்." பிரிஸ்கில்லா அழ ஆரம்பித்துவிட்டாள். மாதாவே, மாதாவே என்று மட்டும் வாய் முணுமுணுத்தது.

செட் தானாகவே சிணுங்கியது. சேனல் கிடைத்துவிட்டது.

"வராதீங்க!" என்று கத்தினாள். "கன்னியப்பண்ணே, மரிய அருண், யாரும் கம்ப்ரசர் வழியா வராதீங்க! திரும்பிப் போயிடுங்க! கேக்குதா? கேக்குதா, சொல்லுங்களேன்!"

பட்டனை விட்டதும் ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு கரகரப்பு. "யாரும்மா அது?"

கன்னியப்பனின் குரல். ஹேமலதா தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காலைல செட்டு குடுத்தேனே, நான்தாண்ணே. அம்மோனியா கொழா ஒடைஞ்சிருச்சு. உங்க பக்கம்தான் வருது. வடக்குச் சுவத்துல சின்ன கேட்டு இருக்காமே, அது வழியா வெளிய போயிடுங்க. தொறந்து வைக்க ஆள் போயிருக்காங்க."

"நாங்க எறங்கி நடந்துகிட்டுல்ல இருக்கோம். எதிர்க்க வெள்ளையா பனி மாதிரி தெரியுது. அதுவா?"

"அதுதாண்ணே! அதுக்குள்ள போவாதீங்க!"

"அருண், திரும்புடா, திரும்பு." குரல் சற்று விலகி மறுபடி அருகே வந்தது. "யம்மா, ராஜாங்கம் முன்னாடி போயிட்டாம்மா. பம்ப்புக் குழிலேர்ந்து சைரன் கேட்டதுமே கெளம்பிட்டான்."

அவள் பட்டனை மறுபடி அழுத்தினாள். "ராஜாங்கண்ணே" என்று கூப்பிட்டாள். "ராஜாங்கண்ணே, திரும்பிடுங்க. உங்களக் கும்புட்டுக் கேக்கறேன், ஒரு அடிகூட முன்னால வெக்காதீங்க. வந்த வழியே போயிடுங்க." அழுகையில் பாதி வார்த்தை உடைந்துபோனது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும்.

கடைசியில் இருமல் கேட்டது. அடிவயிற்றிலிருந்து வருகிற, முடிவில்லாத இருமல். அதன் நடுவே, "கண்ணு தெரியல... கண்ணு தெரியல..."

"அப்படியே நில்லுடா, வர்றேன்" என்றார் கன்னியப்பன். அப்புறம் அருணிடம், "அந்தத் தொட்டித் தண்ணிய என் தலையோட ஊத்து. துண்ட நனை" என்று சொல்வது கேட்டது. அதோடு செட் அமைதியாகிவிட்டது.

பிரிஸ்கில்லா செட்டை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன்னால்தான் இப்போது இன்னொருவரும் அதற்குள் போகிறார் என்ற நினைப்பே அவளைக் கொன்றது. ஜானகிராமன் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். அவர் வாயும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்தாள். அது அவளுக்குத் தைரியம் தரவில்லை, இன்னும் பயமுறுத்தியது.

எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. மரிய அருண்தான் முதலில் பேசினான். "வெளிய வந்துட்டோம். மூணு பேரும் வந்துட்டோம். கரும்புக் கொல்லைல இருக்கோம். ராஜாங்கண்ணனுக்கு ஆம்புலன்ஸ் அனுப்புங்க, சீக்கிரம்."

மூவரையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கன்னியப்பனும் அருணும் கண் எரிச்சலோடு இரண்டொரு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ராஜாங்கத்துக்கு நுரையீரலில் புண். பிழைப்பார், ஆனால் நாளாகும் என்றார்கள்.

சூசைநாதன் அன்று மாலையே தொழிற்சாலைக்குப் போய் விவரம் கேட்டறிந்தார். மறுநாள் கடையில் பிரிஸ்கில்லா அவர் முன்னால் நின்றபோது, வேலையை விட்டு நிறுத்துவார் என்றுதான் நினைத்தாள். அவர் கோபமாகத்தான் இருந்தார். "பேஸ் செட்டோட பேசிப் பாக்காம எப்படிம்மா குடுத்த? அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆயிருந்தா நீயும் நானும் என்னா பதில் சொல்லுவோம்?" என்று கேட்டார். பிறகு அவரே, "எந்த முறைல நம்பர் குடுக்கறாங்கன்னு எழுதி வாங்காம இனிமே ஒரு செட்டும் இந்தக் கடையிலேர்ந்து போவக்கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவளைப் போகச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்கு ஒரு வாரம் தைரியம் வரவில்லை. கடைசியில் அம்மாதான் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். வார்டு வாசலில் ராஜாங்கத்தின் மனைவி பார்வதி ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தாள். பிரிஸ்கில்லா தான் யார் என்று சொன்னாள். செய்த தப்பையும் சொன்னாள்.

பார்வதி ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். "தெரியும். கன்னியப்பண்ணன் சொன்னாரு" என்றாள். "உன் மேல எனக்கு ஆத்திரம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ராத்திரியெல்லாம் அவரு மூச்சு வாங்கறதப் பாத்துகிட்டு ஒக்காந்திருக்கேன். போ, உள்ளதான் இருக்காரு. அதிகம் பேச வைக்காத."

ராஜாங்கம் தலையணைகளில் சாய்ந்திருந்தார். கண்கள் இன்னும் சிவந்திருந்தன. அவள் பேசத் தொடங்கியதும், குரலை வைத்தே கண்டுகொண்டார்.

"அன்னிக்கி அழுவுனது நீதானா?"

அவள் தலையாட்டினாள்.

"ஆபீஸ்லேர்ந்து யாராவது அதிகாரமா சொல்லியிருந்தா, இவனுங்களுக்கு வேற வேல இல்லன்னு நடந்திருப்பேன். பெரிய கேட்டு கிட்டத்துலதானே இருக்குன்னு நெனச்சேன். பொம்பளப் புள்ள அந்த அழுவ அழுவுதே, என்னமோ இருக்குன்னுதான் நின்னேன்." அதற்கு மேல் இருமல் வந்துவிட்டது. பார்வதி ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

பிரிஸ்கில்லா அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். லூர்துசெல்வி கொண்டுவந்திருந்த ரொட்டியும் பழமும் இருந்த பையை அவள் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். பார்வதி அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ராஜாங்கம் மறுபடி வேலைக்குத் திரும்பியபோது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கேட் பக்கம் உட்கார வைத்தார்கள். பிரிஸ்கில்லா வேலையை விடவில்லை. விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தாள். ஆனால் அந்தப் பேட்டையிலிருந்து செட் வரும்போதெல்லாம், இதை வேறொருவர் கையில் கொடுப்பதைவிடத் தானே பார்ப்பதுதான் பயம் குறைவு என்று தோன்றியது. ஒவ்வொரு செட்டையும் பேஸ் செட்டோடு பேசிப் பார்க்காமல் இடத்தைவிட்டு நகரமாட்டாள். லாரிக்காரன் காத்திருக்கட்டும், மேனேஜர் முகம் சுளிக்கட்டும், அவள் நின்றுகொண்டே இருப்பாள். கெட்டிக்காரி என்று சிலர் சொன்னார்கள். பிடிவாதக்காரி என்று சிலர் சொன்னார்கள். உள்ளே அவளுக்கு எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். கூட்டம் தோளோடு தோள் உரசியது. திடீரென்று எங்கோ மில்லின் சங்கு சைரன் போல ஊதியது. தினமும் ஊதுகிற சங்குதான். ஊருக்கே அதை வைத்துத்தான் நேரம் தெரியும். பிரிஸ்கில்லா கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு மீன்காரம்மாவின் ஈரக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவள் கண் கூரைகளுக்கு மேலே தேடியது.

"இன்னாம்மா, மில்லு சங்குதானே? இதுக்குப் போயி இப்படிப் பயப்படற?" என்று மீன்காரம்மா சிரித்தாள்.

"ஆமாம்மா" என்றாள் பிரிஸ்கில்லா. சங்கு ஓய்கிறவரை அவள் அந்தக் கையை விடவில்லை.